நாலுக்கு ஒன்று

இரண்டு ஸ்ட்ரோக் என்றால் எனக்குத் தெரியும் என்றேன்.
பதினேழு வருடமாக உப்புவெளிப் படகுகளின்
பின்பக்கத்தில் தொங்குவதையெல்லாம்
கழற்றிப் பூட்டியவள் நான்.
ஐம்பதுக்கு ஒன்று, பெற்றோலுக்கு எண்ணெய்,
கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவேன்.

கமலரூபன் ஒன்றும் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிறவன்,
மற்றவர் எலும்பைப் பார்த்துப் பார்த்து
வாயைக் குறைத்துக்கொண்டவன்.
மீன் பெட்டி றெஜிபோமில் அவன் அறுத்த சிறகு
இன்னும் லேசாகச் சூரை மணத்தது.

மூன்று துளி சிந்தியது.
சிறகு சத்தமில்லாமல் வாய் திறந்தது.
விரல் நுழையுமளவு மூன்று ஓட்டை,
ஓரமெல்லாம் சப்பித் துப்பிய சூயிங்கம்.
எஞ்சின் இருமக்கூட இல்லை.

அதன் தலைக்குள் ஒரு சுருள் இருக்கிறது,
பிளாட்டினக் கம்பி, இமை மயிரளவு.
அதைச் சிவப்பாகவே வைத்திருக்க
மெதனோலுக்குத்தான் தெரியுமாம்.
பெற்றோலுக்கு அந்தப் பாஷை வராது.
நான் கமலரூபனைப் பார்த்தேன்.
அவன் புதுச் சிறகுக்கு அளவெடுக்கத் தொடங்கியிருந்தான்.

நைத்திரோ பத்து வீதம் கலந்தால் நன்றாக இழுக்கும்
என்றது அவன் வைத்திருந்த கடதாசி.
அந்தச் சொல்லை
அநுராதபுரச் சந்திக் கடையொன்றில் சொல்லிப் பார்த்தேன்.
கடைக்காரர் லாச்சியைப் பூட்டினார்.
"தங்கச்சி, டோர்ச் பற்றரி கொண்டுபோனதுக்கே
ஒரு பகல் முழுக்க வெயிலில நிண்டவன் நான்.
இந்தப் பேரை இங்க சொல்லாதேங்கோ."
ஒரு கிளாஸ் தண்ணீர் தந்து அனுப்பினார்.

சரி, வேகம் குறையட்டும்.

மெதனோல் வார்னிஷ் கடையின் பின் அறையில்:
ஒரு கையெழுத்து, அடையாள அட்டைப் பிரதி,
கானில் மண்டையோட்டுப் படம்.
குடித்தால் கண் போகும்.
பகலில் பற்றினால் சுவாலை தெரியாது.
மூடி திறந்திருந்தால்
கடற்காற்றிலிருந்து ஈரத்தைத் திருடும்.
இப்படிப்பட்ட ஒன்றை
அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைக்க முடியாது.
படகுக் கொட்டிலில், வலைகளுக்கு எட்டத்
தள்ளி வைத்தேன்.

ஆமணக்கெண்ணெய் சுலபம் என்று நினைத்தேன்.
பாமசியில் சித்தி நளீறா
ஆறு போத்தலையும் மேசையில் நிறுத்திவிட்டு
"வீட்டில எத்தனை பேருக்கு?" என்றாள்.
பின்னால் நின்றவர்கள் இரண்டடி விலகினார்கள்.
"ஒராளுக்குத்தான்," என்றேன்,
"சின்ன வயிறு, அறுபது மில்லி."

நாலுக்கு ஒன்று.
இவ்வளவு எண்ணெயா என்று கை கூசியது.
மற்ற எண்ணெய் விட்டு ஓடும் சூட்டிலும்
சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்குமாம் இது.

சீனக்குடாவில், காட்டுக்குள்,
பழைய உலக யுத்தத்து எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன.
யாருக்கு எது என்று பேப்பரில் ஓயாத பேச்சு.
அந்த வழியால் பஸ்ஸில் வரும்போது
மடியிலிருந்த போத்தலைக்
கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.

சாம்பல்தீவு, கடலேரி வற்றிய திட்டு, காலை ஆறரை.
கச்சான் இன்னும் எழும்பவில்லை.
தூண்டில் கம்பி இரண்டு, ஒரு கைப்பிடி,
நடுவில் கமலரூபன்.
சுருளுக்கு ஒரு டோர்ச் பற்றரி கொடுத்தேன்,
அந்தக் கடைக்காரரை நினைத்தபடி.
ஊசி வால்வு இரண்டு சுற்று, இன்னும் கால்,
பிறகு பின்னுக்கு ஒரு மயிரிழை.
பதினோராவது தட்டில்
கத்தியது.
படகு எஞ்சினின் கத்தலை உறக்கத்திலும் அறிவேன்;
இது தகரப் பேணிக்குள் அடைபட்ட குளவி.

சுற்றியது. சுற்றியது.
ஆமணக்குப் புகை வட்டமாகத் தொங்கியது.
காவலரணிலிருந்து கடற்படைப் பொடியன் ஒருவன்
துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு வந்தான்.
மூக்கைச் சுருக்கினான்.
"மருந்து மணம்," என்றான், தெரிந்த தமிழில்.
ஓம் என்றேன்.
அதற்குள் அவன் கழுத்தும் சுற்றத் தொடங்கியிருந்தது.

நாலு நிமிஷம் இருபது செக்கன்.
சத்தம் அறுந்தும் அரை வட்டம் வந்தது,
எதன் பலத்திலோ.
உப்புத் தரையில் வயிறு தேய்த்து நின்றது.
ஓடிப்போய்த் தடவினேன்.
சிறகெங்கும் எண்ணெய் வழுக்கல்,
ஓர் ஓட்டையும் இல்லை.

கமலரூபன் தலை சுற்றி மணலில் இருந்தான்.
"இன்னும் எவ்வளவு கிடக்கு?" என்றான்.
அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு.