மழை பெய்த மணிகள் நீங்கலாக

பாயான் லெப்பாஸ் சரக்குக் கிடங்கில்
ஒன்பது நாள் கிடந்தது
உள்ளங்கை அகலச் செப்புத் தகடு.

"உள்ளே என்ன, சிக் வாகீஸ்?"
என் பெயரின் பின்பாதியை எல்லோரையும்போல்
விட்டுவிட்டுக் கேட்டார்
சுங்கத்துறை நோர்லைலா.
பெரிலியம் என்றேன்.
சில லட்சம் அணுக்கள்,
எந்தத் தராசிலும் நிற்காதவை.
"ஆபத்தா?"
உங்கள் மேசையில் இருக்கும்
பிசாங் மாஸ் சீப்பைவிடக் குறைவு.
சீப்பைச் சற்றுத் தள்ளி வைத்தார்.
மதிப்பு எத்தனை ரிங்கிட் என்ற கட்டத்தில்
இருபது என்று எழுதினேன்.
செம்புக்கு.

ஐம்பத்து மூன்று நாளில் பாதியாகிற சரக்கு அது.
முத்திரை விழுவதற்குள்
நூற்றுக்குப் பதினொன்று
படிவம் நிரப்பாமலே வெளியேறியிருந்தன.

தொலைவில் ஒரு மலைக்கடியில்
மூன்று வாரம்
ஹீலியத்தின்மேல் ஹீலியத்தை எறிந்தார்கள்.
ஒன்றையொன்று கிட்டே சேர்க்காத சாதி.
கோடி கோடி முறை விலகிப்போய்
எப்போதோ ஒருமுறை
தாண்ட முடியாத சுவருக்குள் புகுந்து
ஒட்டிக்கொள்ளும்.
சூரியனின் நடுவிலும் இதேதான் நடக்கிறது.
எவ்வளவு அபூர்வமாக என்பதுதான் கேள்வி.
அந்த எண் ஆடினால்
அங்கிருந்து வரும் நியூட்ரினோக் கணக்கு
முழுவதும் ஆடும்.

குளுகோரில் எங்கள் அறை நிலத்தடியில்.
மூழ்கிய கப்பலொன்றின் காரீயத்தை உருக்கிச் செய்த
செங்கற்கள், நான்கு புறமும், மேலும் கீழும்.
நடுவே ஜெர்மேனியப் படிகம்.
அது குளிரில்தான் வேலை செய்யும்.
நைட்ரஜன் லாரி பிறையிலிருந்து
பாலத்து நெரிசலைக் கடந்து வரவேண்டும்.
வராத செவ்வாய்க்கிழமை
இட்ரிஸ் பாலத்தின் கேமராப் படத்தைப் பார்த்தபடி
நகம் கடித்தான்.

பத்துப் பெரிலியத்தில் ஒன்பது
சத்தமில்லாமல் லித்தியமாகிவிடும்.
ஒன்றுதான் போகும்போது ஒரு கதிரை உதறும்.
அப்படி உதறியவற்றிலும்
இருபதில் ஒன்றே எங்களிடம் சிக்கும்.
நாளுக்கு நாற்பது சொச்சம்.
அதிலிருந்து மற்றவை எத்தனை என்று
பின்னோக்கிப் பெருக்கவேண்டும்.

பிறகு மழை.
காற்றில் திரியும் ரேடானின் வாரிசுகளை
மழை தரைக்கு இறக்கும், எண்ணிக்கை ஏறும்.
மழை பெய்த மணிகளை வெட்டிவிடு
என்றார் டாக்டர் ஊய்.
பினாங்கில், நவம்பரில்.
தீபாவளிக்கு மறுநாள் பிற்பகல் முழுவதும் போயிற்று.
ஒரு திங்கட்கிழமையில்
மூன்று மணி நேரம்தான் மிஞ்சியது.
தரவில் ஏன் இத்தனை ஓட்டை என்று
மலைக்கடியிலிருந்து கேட்டார்கள்.
என்ன சொல்ல?
சாளரமில்லாத அறையில் உட்கார்ந்து
மேலே வானம் எப்படி என்று
கேன்டீன் கஸ்தூரிக்கு
அரைமணிக்கொரு தரம் வாட்ஸ்அப் அனுப்பினேன்.
"இப்ப தூறல்" என்பாள்.
தூறல் கணக்கா இல்லையா என்று
ஊயிடம் கேட்கவில்லை.
வெட்டினேன்.

கடைசியில் தகட்டை எடுத்துவிட்டு
வெறும் கூண்டை எண்ணினோம்.
எதுவும் இல்லாதபோது
எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க.
பதினைந்து நாள்.
பொட்டாசியக் கோடு வழக்கம்போல் நெட்டையாக.
நானூற்று எழுபத்தெட்டில்,
சரியாகப் பெரிலியம் பேசும் இடத்தில்,
ஒரு சிறு மேடு.

அறைச் சுவருக்கு அப்பால் கருங்கல்.
தீவே கருங்கல்.
அதற்குள் தோரியம்,
தோரியத்தின் பேத்தி ஆக்டினியம்,
சூரியனின் குரலில்
நாளுக்கு மூன்று முறை பேசிக்கொண்டிருந்தது.
காரீயத்தையும் மீறி.
இத்தனை நாளும் அதையும் சேர்த்துத்தான்
சூரியன் என்று எழுதியிருக்கிறேன்.

நாற்பத்து மூன்றிலிருந்து மூன்றைக் கழித்தேன்.
பிழை விளிம்பு கொஞ்சம் அகன்றது.
ஊய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
"பாறையை மன்னித்துவிடு" என்றார்,
சிரிக்காமல்.

தகட்டைத் திருப்பி அனுப்பவேண்டும்.
பாதிக்குமேல் லித்தியம் இப்போது.
உள்ளே என்ன என்று
நோர்லைலா மறுபடி கேட்பார்.
வெளியே வந்தபோது நல்ல மழை,
எதிலிருந்தும் வெட்டவேண்டாத மழை.
குடை அறையிலேயே இருந்தது.