ரன்னிங் சாட்

திகதி, புறப்பட்ட இடம், மீற்றர் வாசிப்பு,
கடைசியில் ஒரு கட்டம்: பயணத்தின் நோக்கம்.
பதினோரு வருடமாக அதில் நான்
ஆய்வு என்றே எழுதிவருகிறேன்.
கணக்காய்வுக்காரர் ஒருமுறை கேட்டார், என்ன ஆய்வு?
பொருளியல் துறை சேர், என்றேன்.
தலையாட்டிக் கையெழுத்து வைத்தார்.
எனக்குத்தான் அந்தப் பதில் காணாது.

தவநேசன் சேருக்கு மீன்.
மீன் இல்லை, மீன் ஏலம்.
அதுவும் இல்லையாம்,
ஏலம் கூறுபவன் விலை சொல்லுமுன் இழுக்கும் மூச்சு.
விடிய நாலரைக்குத் திருக்கடலூர்க் கரையில்
கால்சட்டையை மடித்துக்கொண்டு நிற்பார்,
கையில் நிறுத்தற் கடிகாரம்.
பாரைக் குவியலுக்கு ஏழு செக்கன்,
சூடைக்கு இரண்டு.
மூன்று வருடம். வான் முழுக்க நாற்றம்.
வீட்டுக்கு வாங்கும்போது மட்டும்
கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவார்.

விதுரங்க சேர் மாத்தளைக்காரர்.
சீனக்குடாக் காட்டுக்குள் துருவேறி நிற்கும்
எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றி நடப்பார்.
வெறுமையாய் இருப்பதற்கும் ஒரு செலவு உண்டு,
அதைத்தான் கணக்கெடுக்கிறாராம்.
சொல்ல அவருக்குத் தமிழ் பத்தாது,
விளங்க எனக்குச் சிங்களம் பத்தாது.
தாங்கியின் மேல் இருந்த குரங்கு
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

புதிதாய் வந்த பிள்ளை ஒருத்தி,
கோட்டை வாசல் மான்களுக்கு ஆட்கள் போடும் வாழைப்பழத்தைக்
கேள்வி வளைகோட்டில் ஏற்றப் பார்க்கிறாள்.
மான்கள் அவளது வினாக்கொத்தைத் தின்றுவிட்டன.

ருஸ்னா மிஸ்ஸுக்குக் கடன்.
கிண்ணியாவில் திங்கட்கிழமைகளில்
தவணைக்காரனின் மோட்டார்சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்ப
எத்தனை வீட்டுக் கதவு சாத்துகிறது என்று எண்ணுவார்.
திரும்பும்போது வானுக்குள் அவரது போன் அடிக்கும்.
லீசிங் கம்பனி.
எடுக்கமாட்டார்.
நான் கண்ணாடியைப் பார்க்கமாட்டேன்.

யோகவதனி மிஸ்ஸைச் சேனையூருக்குக் கூட்டிப்போனது
கார்த்திகை மழையில்.
பாதை மூடிக் கிடந்த மாதங்களின் விலைகள் வேண்டுமாம்.
பழைய கடைக்காரர் ஒருவர் கணக்குக் கொப்பி எடுத்துத் தந்தார்,
ஓரமெல்லாம் கறையான்.
சீனி, மா, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி,
ஆவணி வரைக்கும் ஒழுங்காய் இருந்தது.
பிறகு பதினாறு தாள் ஒன்றுமில்லை.
பிறகு வேறு மை, வேறு கையெழுத்து.

மிஸ் ஒவ்வொரு வெறுந்தாளையும்
எழுத்து இருப்பதுபோல் மெதுவாய்ப் புரட்டினார்.
தன் குறிப்பில் தரவு இல்லை என்று எழுதினார்,
அழித்தார்.
விலை இல்லை என்று எழுதினார்,
அதையும் அழித்தார்.
பென்சில் அழித்த இடத்தில் தாள் பொத்தலாகிவிட்டது.

கட்டைபறிச்சான் பாலத்தில் வைப்பரை நிற்பாட்டிவிட்டு
நான் சொன்னேன்:
மண்ணெண்ணெய், அரைப் போத்தல், மிஸ்.
விலையையும் சொன்னேன்.
எதிரில் வந்த உழவு மெசின் கடந்துபோகும் வரை
அவர் ஒன்றும் பேசவில்லை.
அண்ணை, நீங்கள் எந்த ஊர்?
இந்த வானுக்குள் அதை யாரும் கேட்டதில்லை.
சம்பூர், என்றேன்.
நேர்காணல் நாற்பத்தொன்று, ஆண், சாரதி,
எழுதிக்கொண்டே கேட்டார்,
காசாகவா கொடுத்தீர்கள்?

மழை குறைந்துதான் இருந்தது.
வைப்பரைப் போட்டேன்.
ஓம் மிஸ், காசுதான்.

இரவு சாட்டை நிரப்பும்போது
பதினாலு கிலோமீற்றர் கூட ஓடியிருந்தது.
நோக்கம் என்ற கட்டத்தில்
வழக்கமான சொல்லை எழுதினேன்.
கணக்காய்வுக்காரர் கேட்பார்.
கேட்கட்டும்.