வேலியில் ஒரு படலை

இவருக்கு அறுபத்தேழு. எனக்கு அறுபத்து நாலு.
டைக் வீதியில் மாடி வீடு,
கொழும்பில் வாடகைக்கு விட்ட ஒன்று,
வங்கியில் பிள்ளைகள் கேட்காத காசு.
இவ்வளவும் சொன்னால்தான் விளங்கும்
எங்கள் சண்டை எவ்வளவு சொகுசான சண்டை என்று.

பன்குளத்தில் ஐந்து ஏக்கர் வாங்கியிருக்கிறார்.
முப்பத்தெட்டு வருஷம் கப்பல் முகவராய்
அடுத்தவன் சரக்குக்காகத் தொலைபேசியில் கத்தியவர்
இப்போது சத்தமில்லாத இடம் கேட்கிறார்.
"தண்ணியைக் குடிச்சுப் பார், வற்சலா.
குளோரின் மணமே இல்லை."
குடித்துப் பார்த்தேன்.
நாக்கில் சுண்ணாம்பு. சொல்லவில்லை.

நான் எக்ஸ்ரே பார்த்துப் பிழைத்தவள்.
வெளிச்சப் பெட்டியில் செருகிய இடுப்பெலும்பு
வயதை மறைப்பதில்லை.
ஆகவே கணக்குப் பார்த்தேன்:
காணியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு
பகலில் நாற்பது நிமிஷம்.
இரவிலும் நாற்பதுதான், ரோட்டில் யானை நிற்காவிட்டால்.
நின்றால், யானை நினைக்கும் வரை.

"டவுனில மட்டும் என்ன வாழுது?" என்றார்.
அதுவும் சரிதான்.
எங்கள் கேற்றடியில் புள்ளிமான்கள் வந்து
வாழைப்பழத் தோலைப் பொலித்தீனோடு தின்கின்றன.
காட்டுக்குப் போகத் தெரியாத,
பஸ்ஸுக்கு வழிவிடத் தெரிந்த மான்கள்.
நான் அவற்றின் கட்சியாம்.

கச்சான் அடித்த கிழமை காணி பார்க்கப் போனோம்.
கண் நிறைய மண்.
தகரக் கொட்டில், மின்வேலிக்கு ஒரு சோலார் தகடு,
முப்பது கொய்யாக் கன்றில் உயிரோடு பதினொன்று.
மேற்கு மூலையில் வேலி
ஓர் ஒற்றையடிப் பாதையைக் குறுக்கே வெட்டிப் போனது.
பாதையோ
வேலியைக் காணாததுபோல
எங்கள் காணிக்குள்ளும் தொடர்ந்தது.

அங்கேதான் வந்து நின்றாள் யோகமலர்,
இடுப்பில் ஈர உடுப்புப் பேசினோடு.
முந்திக் குளத்துக்கு ஐந்து நிமிஷம்,
இப்போது எங்களைச் சுற்றி இருபது.
ஏசத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.
பேசினை இறக்கி வைத்தாள்.

"நீங்கள் இஞ்ச வந்திட்டா
டவுன் வீடு சும்மாதானே கிடக்கும்?
மகள் ஏ.எல். படிக்கிறா, பயோ.
ரியூசன் முடிய முதல் கடைசி பஸ் போயிரும்.
ஒரு அறை காணும். வாடகை தருவன்."

ஒன்றரை வருஷம் வாதாடினோம்.
இந்தக் கேள்வி ஒருநாளும் வரவில்லை.

திரும்பும்போது கன்னியா தாண்டும் வரை பேச்சில்லை.
பிறகு இவர், ரோட்டைப் பார்த்தபடி:
"வேலியில ஒரு படலை வைக்கலாம்."
"பூட்டு?"
"யானை வருமே."
"யானைக்கே பூட்டு?"
கியர் மாற்றினார்.

பூட்டில்லாமல்தான் வைத்தோம்.
மதுசிகா மேல்மாடிக் கிழக்கறையில் இருக்கிறாள்.
என் பழைய வெளிச்சப் பெட்டிதான் அவளுக்கு மேசைவிளக்கு.
மாதம் பிறந்தால் யோகமலர் இரண்டாயிரம் ரூபாயை
எண்ணி என் கையில் வைக்கிறாள்.
எங்களுக்கு அது வட்டியின் வட்டி.
வாங்காவிட்டால் மகளைக் கூட்டிப் போய்விடுவாள்.
வாங்குகிறேன்.

இவர் வெள்ளி போய்த் திங்கள் வருகிறார்,
சேற்றோடும் முதுகுநோவோடும்,
ஒருமுறை ஒரேயொரு கொய்யாவோடும்.
முதுகைப் படம் எடுப்போம் என்றால் கேட்பதில்லை.
கொய்யாவை மூன்றாய் வெட்டினோம். துவர்ப்பு.

நேற்றிரவு மணி இரண்டு.
மேலே விளக்கு எரிந்தது. ஏறிப் போனேன்.
"பிள்ளை, உள்ளதைச் சொல்.
பன்குளத்தில எங்களால இருக்க ஏலுமோ?"
கொப்பியிலிருந்து தலை நிமிரவில்லை.
"இரவில பாத்றூமுக்கு எழும்புவீங்களா அன்ரி?"
"ரெண்டு தரம்."
"அப்ப நல்ல டோர்ச் ஒண்டு வேணும்,"
என்று பக்கத்தைத் திருப்பினாள்.