அடகுப் பொருள்: ஆண் தலை ஒன்று

பண்ணைக்காடு கூட்டுறவுக் கடன் சங்கத்தில்
தங்கத்துக்கு மாற்றுச் சொல்வது என் வேலை.
தாலிக்கொடி வரும், கால் பவுன் தோடு வரும்,
மிளகு காய்க்காத வருஷம்
பிள்ளையின் அரைஞாண் மணிகூட வரும்.
முகம் வந்தது அன்றைக்குத்தான்.

முத்திருளாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து
நேராகத் தராசுத் தட்டிலேயே போட்டாள்.
ஏழு கிராம் முந்நூறு மில்லி.
தடித்த பிடரி, தொங்கும் தாடை,
நிறையச் சாப்பிட்டவனின் கழுத்து.
தலையைச் சுற்றி இலைக் கிரீடம்,
அதைக் கட்டிய நாடா முதுகுப்பக்கம் வழிகிறது.
விளிம்பில் எனக்குப் பிடிபடாத எழுத்து.
காதிலிருந்து தொண்டைவரை ஒரு வெட்டு.

"கடப்பாரை பட்டுச்சா?"
"இல்லீங்க, இது அதுக்கு முந்தின வெட்டு.
உள்ளுக்குள்ளயும் மண்ணு அடைஞ்சிருந்துச்சு."

குள்ளர் வீட்டுக்கு மேற்கே,
காட்டுமாடு புகுகிற மூலையில்,
வேலிக்கால் நடத் தோண்டிய முதல் குழி.
ரெண்டடி ஆழத்தில் இவன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
கோபத்தில் வெட்டினால் இப்படி விழாது.
உளியை நிறுத்தி, ஒரே தட்டு.
மேலே மட்டும் முலாமா,
உள்ளேயும் பொன்தானா என்று
தொழில் தெரிந்தவன் பார்த்த வெட்டு.
ஒரு கையில் மிளகு மூட்டையின் வாயைப் பிடித்தபடி
எவனோ ஒருவன் யவனனிடம்
"இரு, அறுத்துப் பார்த்துச் சொல்றேன்" என்றிருக்கிறான்.
ராஜாவாம், சாமியாம்,
அதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்.
இந்த நாற்காலியில்
எனக்கு முன்னால் இருந்தவன் அவன்.

மதியம் புளிச்சோற்றை ஓரமாக வைத்துவிட்டு
செல்போனில் தேடினேன்.
செத்தபின் பிடிக்காமல்போன ராஜாக்களை
அவர்கள் ஊரில் சும்மா விடுவதில்லையாம்.
வெண்கலமாய் நின்றவனை உருக்கினார்கள்.
வளைவுகளில் பேரைக் கொத்தி எடுத்தார்கள்.
பளிங்குத் தலையை வீணாக்க மனசில்லாமல்
தாடையைக் குறைத்து, நெற்றிமுடியைத் திருத்தி
அடுத்து வந்தவன் ஆக்கினார்கள்.
சில தலைகளில் காது மட்டும்
பழையவனுடையதாகவே தங்கிவிடுமாம்.
இவன் அவர்களில் ஒருவனா
என்று பார்ப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

"காசுக்குக் கடன் கிடையாதும்மா.
இந்த மாதிரி முகம் போட்டதுக்கு
சுற்றறிக்கையில் இடமில்லை.
புதையல் இது, தாசில்தாரிடம் ஒப்படைக்கணும்."
"அவரு வேலி போட்டுக் குடுப்பாரா?"
"ரசீது குடுப்பார்."
"ரசீதுக்குக் காட்டுமாடு பயப்படுமா சார்?"

கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு, கத்தரிக்காயில் சொத்தையை
அரிந்துவிட்டுத் தரலாமா என்பதுபோல,
"முகம் இல்லேன்னா வாங்குவீங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
துடைத்துக்கொண்டே இருந்தேன்.
அவள் போய்விட்டிருந்தாள்.

பதினோரு நாள்.
வத்தலக்குண்டில் செய்த ஒரு ஜோடிக் கம்மல்,
பூ இல்லை, கல் இல்லை, வெறும் வட்டம்.
சேதாரம் போக ஆறு கிராம் எழுநூறு.
உரைகல்லில் இழுத்தேன்.
கறுப்பின் மேல் ஒரு மஞ்சள் கோடு,
திராவகம் விட்டும் கலங்கவில்லை.
இத்தனை சுத்தமாக இந்த மலைக்கு எதுவும் வந்ததில்லை.
பதிவேட்டில் விவரம் என்ற கட்டத்தில்
'வேலைப்பாடு இல்லை' என்று எழுதினேன்.
அவள் கைநாட்டு வைத்தாள்.
போன பிறகு, வெட்கம்கெட்டு,
லென்ஸை எடுத்து அந்தக் கோட்டில்
தாடை எது, பிடரி எது என்று தேடினேன்.
யாரோ வளையலோடு காத்திருந்தார்கள்.
துடைத்துவிட்டேன்.

தாண்டிக்குடி பஸ்ஸில் போனால்
இடதுபக்கம் தெரியும் அவள் தோட்டம்.
நாற்பத்திரண்டு கல்தூண்,
ஒன்றிலும் பேரில்லை,
நாலு வரிசை முள்கம்பி.
நேற்றுச் சாரலில் ஒரு காட்டுமாடு
வேலிக்கு வெளியே நின்று
மூலைத் தூணில்
சாவகாசமாகக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.