காப்பு

கனடாவில் என் தம்பி தயாபரனுக்கு
மான் வருகிறதாம்.
எட்டடி வேலி போட்டு கரண்ட் கொடுத்திருக்கிறான்.
அவன் பூசணி ஒவ்வொன்றும் கன்றுக்குட்டிக் கனம்.
அனுப்பிய ஏழு விதையில்
கிருலப்பனைக் கால்வாய்க் கரையில்
முளைத்தது இரண்டு,
நின்றது ஒன்று.
எனக்கு மான் வராது.
எனக்கு வருவதெல்லாம் சில்லறை.

முதலில் நத்தை.
கோப்பையளவு ஓட்டைச் சுமந்து
மதிலில் ஈரக் கோடிழுத்து
குருத்தில் வந்து முடியும்.
உப்புப் போட மனமில்லை.
வாளியில் பொறுக்கி
விடிய ஐந்தரைக்குப் பாலத்தடியில் கொட்டினேன்.
நாலாம் நாள் அதே நத்தை,
ஓட்டில் நான் வைத்த நீல மைப்புள்ளியோடு.

அணில் பூவோடு போயிற்று.
மரநாய் கூரைத் தகரத்தில்
யாரோ செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
நடப்பதுபோல் நடந்தது.
கபரகொய்யா மட்டும்
பின்னேரங்களில் வந்து பக்கத்தில் படுத்தது.
அதற்குப் பூசணி வேண்டாம்,
வெயில் போதும்.

எல்லாம் போக, பிஞ்சு ஒன்றே ஒன்று.
பக்கத்து வீட்டு சுனேத்ரா மதிலால் எட்டிப் பார்த்து
"ஹரி லொக்குய்" என்று
விரலை நீட்டினாள்.
சுட்டிக் காட்டினால் பிஞ்சு அழுகும் என்பதற்கு
என் சிங்களத்தில் சொல் இல்லை.
நீட்டிய விரலை மெல்ல மடக்கி
கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.
அவளுக்குச் சந்தோஷம்.
தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச்
சோற்றில்தான் மறைக்க முடியாது.
என் பழைய நைட்டியில் மறைத்தேன்,
சிவப்புப் பூப் போட்டது.
கண்ணூறு நின்றது.
பெருச்சாளி நிற்கவில்லை.

அது கீழிருந்து வருகிற ஆள்.
கடைசி ரயில் போனபிறகு
மண் உள்ளே இறங்குகிற சத்தம்.
மிளகாய்த்தூளை மழை கரைத்தது.
சேவியர் சலூனில் வாங்கிவந்து பரப்பிய
ஒரு பை மனுச மயிரை
வளைக்குள் இழுத்துப்போய் மெத்தை போட்டுக்கொண்டது.

ஒருநாள் இரண்டு மணிக்கு
டோர்ச்சோடு காத்திருந்தேன்.
இலை அசைந்தது.
"நில்" என்றேன்,
பெருச்சாளிக்கு என்ன பாஷை என்று யோசிக்காமல்.
வெளிச்சத்தில் அது
முன்கால் இரண்டையும் நெஞ்சில் வைத்து நின்றது,
சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல்.
அந்த நிலை எனக்குத் தெரியும்.
லொட்ஜ்களில் கதவு தட்டிய வருஷங்களில்
கண் கூச, படிக்கட்டில்,
அடையாள அட்டை எந்த மடிப்பில் என்று கை மறந்து
நான் அப்படித்தான் நின்றேன்.
டோர்ச்சை அணைத்தேன்.
யார் முதலில் போவதென்று தெரியாமல்
இருட்டில் இருவரும் கொஞ்ச நேரம்.

இரக்கம் ஓர் இரவுக்குத்தான்.
மறுநாள் புறக்கோட்டையில்,
நான் கணக்கெழுதும் கடையிலேயே,
கழிவு விலைக்குக் கம்பிவலை எட்டு மீற்றர்.
அடியில் ஒன்று, மேலே ஒன்று,
சுற்றிவரக் கட்டுக்கம்பி.
அதன்மேல் நைட்டி.

மூன்று கிழமை ஒரு பல்லும் படவில்லை.
நிம்மதியாய்த் தூங்கினேன்.
நைட்டியை விலக்கிய ஞாயிறு
பூசணி சதுரம் சதுரமாய்ப் பிதுங்கியிருந்தது.
கம்பி தோலுக்குள் போய்
அதன்மேல் தோல் மூடத் தொடங்கியிருந்தது.
தம்பி வீடியோவில் பார்த்தான்.
"வளருமென்று தெரியாதா அக்கா?"

பிள்ளைக்குப் போட்ட காப்பை
மாதத்துக்கொருமுறை உருட்டிப் பார்ப்பார்கள்,
கை தடிக்கிறதா என்று.
நான் பூட்டினேன்,
உருட்டிப் பார்க்கவில்லை.

குறட்டால் ஒவ்வொரு கண்ணாய் வெட்டினேன்.
சுனேத்ரா டோர்ச் பிடித்தாள்,
இம்முறை விரல் நீட்டாமல்.
சில கம்பிகள் வரவில்லை; விட்டுவிட்டேன்.
கடைசி முடிச்சு அறுந்ததும்
பூசணி ஒரு விரற்கடை அசைந்து
மண்ணில் சரியாக உட்கார்ந்தது.
கீழே யாரோ
தோண்டுவதை நிறுத்திக் கேட்டார்கள்.