மேலும் காண்க

முதல் வாரம் புத்தகங்களைப்
படித்துக்கொண்டிருந்தேன்.
அதுதான் பிழை என்றாள் ஜலீலா.
என்னைவிட ஆறு வயது இளையவள்,
என்னைவிட நான்கு மாதம்
வேலையில் மூத்தவள்.
தலைப்பைப் பார், பொருளடக்கம் பார்,
முன்னுரையில் கடைசிப் பத்தி,
பன்னிரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடு
இது எதைப் பற்றியது என்று.

தலைப்பில் ஒட்டகம் இருந்ததால்
ஒரு புத்தகத்தை விலங்கியலில் வைத்தேன்.
உள்ளே கணவன் விட்டுப்போன
ஒருத்தியின் கவிதைகள்.
பதினாறு நாள் அவள்
பாலூட்டிகளோடு நின்றாள்.
யாரும் தேடி வரவில்லை.

ஜூன் மாதம் மனாமாவில்
குடும்பங்கள் கிளம்பும் மாதம்.
குதைபியா ஃபிளாட்டுகளிலிருந்து
அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாய்
வந்து இறங்கும் நன்கொடை.
நுழைவுத்தேர்வு வழிகாட்டி, சர்க்கரை நோயாளிக்கான சமையல்,
மூன்றாம் பாகம் இல்லாத நாவல்.
பக்கங்களுக்கு நடுவே
மின்கட்டண ரசீது, பாதி கிழிந்த போர்டிங் பாஸ்,
ஒரு குழந்தையின் பால்பல், டிஷ்யூவில் சுற்றி.
பல்லுக்கு எண் கிடையாது.
மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

தமிழ் இலக்கியத்துக்கு எண் உண்டு.
எட்டு ஒன்பது நான்கு புள்ளி எட்டு ஒன்று ஒன்று.
எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு
ஒரு ஷேரிங் ஃபிளாட்.
ஓர் அறையில் துருக்கி, ஓர் அறையில் ஃபின்லாந்து,
புள்ளி என்கிற பிளைவுட் தடுப்பைத் தாண்டினால்
நமக்கு ஒரு பெட்ஸ்பேஸ்.
சிரித்தேன். ஜலீலாவுக்கு விளக்கினேன்.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை,
எங்கள் கட்டிலைப் பார்த்ததில்லை அவள்.

பிறகு அந்த மெல்லிய நூல் வந்தது.
முத்துக்குளிப்பவர்களின் நுரையீரல் பற்றி
ஒரு டாக்டர் எழுதியது.
மருத்துவமா, கடல் தொழிலா,
தீவின் வரலாறா,
முன்பணம் தீராமல் அடுத்த பருவமும்
மூக்கில் கிடுக்கி மாட்டி இறங்கியவனின்
கடன் கணக்கா?
நான்கையும் எழுதினேன்.
மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றாள்.
அலமாரியில் ஓர் இடம்தான், சரி,
பட்டியலில் மூன்று இடத்தில் நிற்கலாம்.
எங்கள் நாட்டின் பெயருக்கே
இரண்டு கடல் என்றுதான் அர்த்தம் என்றாள்.
கடனை அடித்தேன்.
அன்று மாலை ஈசா டவுன் பஸ்ஸில்
அது உறுத்திக்கொண்டே வந்தது.

பெயர்கள் பற்றிய அத்தியாயம்
ஒரு வியாழக்கிழமை.
தமிழ்ப் பெயரில் குடும்பப்பெயர் இல்லையென்றால்
இடுபெயரின் கீழ் பதிக, என்றிருந்தது.
திரும்பவும் படித்தேன்.
அடையாள அட்டையில், வங்கியில்,
சம்பளச் சீட்டில்
நான் சங்கரலிங்கம்.
பாஸ்போர்ட்டே எடுக்காத என் அப்பா
ஏழு வருஷமாக இந்தத் தீவில்
எனக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறார்.
விசா அலுவலகத்துக்குத் தெரியாதது
இந்தத் தடிப்புத்தகத்துக்குத் தெரிந்திருக்கிறது.

பயிற்சிக் கோப்பில் எனக்கே ஒரு பதிவு போட்டேன்.
சங்கரலிங்கம், காண்க: ஆவுடைத்தங்கம்.
மிஸ் லிங்கம், காண்க: ஆவுடைத்தங்கம்.
தஹப் (தங்கத்துக்கு அரபியில் அதுதான்,
ஜலீலா அப்படித்தான் கூப்பிடுவாள்),
காண்க: ஆவுடைத்தங்கம்.

மாதக் கடைசியில் கணினி
பிழைப்பட்டியல் நீட்டியது:
குருட்டுச் சுட்டுகள், மூன்று.
போய்ச் சேரும் இடத்தில்
நூல் ஏதும் இல்லை.
ஜலீலா என்னைப் பார்த்தாள்.
அழிக்கட்டுமா என்று கேட்கவில்லை,
தேநீர் எடுக்கப் போனாள்.
நானே அழித்தேன்,
தஹப் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

நேற்று கிளினிக்கில்
மிஸ்டர் சங்கரலிங்கம் என்றார்கள்.
எழுந்து போனேன்.
டாக்டருக்கும் பன்னிரண்டு நிமிஷம்தான்போல,
தலைப்பைப் பார்த்தார், பொருளடக்கம் கேட்டார்.
தோள்வலி என்றேன்.
தூக்கம் இல்லை என்றேன்.
விரல்கள் விசைப்பலகையில் காத்திருந்தன.
மூன்றாவதற்கு அவர் திரையில் இடம் இருந்தது.
என்னிடம்
ஒப்புதல் பெற்ற சொல் இல்லை.