ஐ குறைந்த பெட்டி

எங்கள் அச்சுக்கூடத்தில் ஐ ஒன்பதுதான்.
பத்தாவது, குருநகர்ப் பொடியன் ஒருவனின் தூண்டிலில்
ஈயக்குண்டாய்ப் போனதென்று கேள்வி.
ஐர்லாந்து என்று ஒரு பக்கத்தில் பதினொரு தரம் வந்தால்
நான் என்ன செய்ய?
இரண்டை அயர்லாந்து ஆக்கினேன்.
புரூப் பார்த்த கில்போயில் சுவாமி
ஒன்றும் சொல்லவில்லை.

சுவாமியின் அண்ணன் தொம்மை
பாராளுமன்றத்தில் ஒரு கதிரை வைத்திருந்தார்.
கடிதம் கப்பலில் வரும், ஏழு கிழமை.
சுவாமி தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு
பிறகு கோப்பேன், வலமிடமாய், தலைகீழாய்.
அப்படித்தான் ஒரு மனிதரின் உத்தியோகம்
என் நகக்கண்ணில் மையாய்ச் சேர்ந்தது.

குடியானவரின் கூரையைப் பிடுங்கும் சட்டம் ஒன்று.
அதை மறிக்கப் பின்னேரம் ஆறுக்கு எழும்பி
விடிய நாலு மட்டும் கதைத்தாராம்.
இடையில் ஒரு தோடம்பழம்.
சட்டத்தை மறித்தவரை மறியலில் போட்டார்கள்.
மறியலில் இருந்தபடியே அடுத்த தேர்தலை வென்றார்.
எதிர்த்து நிற்க ஆளில்லை.
இதைக் கோத்த இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை,
அச்சுப்பொறிக்குப் பக்கத்திலேயே படுத்தேன்.

வஸ்தியானை, என் தங்கை புருஷனை,
தலைவரி கட்டாததற்குப் பிடித்தபோது
சுவாமியிடம் சொன்னேன்.
கெஞ்சவில்லை. புரூப் தாளை நீட்டும்போது
மழை வரும்போலக் கிடக்கு என்கிற குரலில்.

சுவாமி எழுதினார். ஏழு கிழமை.
தொம்மை எழும்பினார்:
ஊர்காவற்றுறையில் ஒன்றரை ரூபாய்க்காக
ஒரு மீனவர் கல்லுடைப்பதை
கனம் மந்திரியார் அறிவாரா?
மந்திரியார் எழும்பினார்:
தகவல் ஏதும் கிடைக்கவில்லை.
மந்திரியார் இருந்தார்.
திரும்பி வர இன்னும் ஏழு கிழமை.

வஸ்தியான் உள்ளே இருந்தது பத்தே நாள்.
பதில் வந்தபோது கரைவலை இழுத்துக்கொண்டு நின்றான்.
வாசித்துக் காட்டினேன்.
"என்ரை பேர் எங்கை?"
பேர் இல்லை. ஒரு மீனவர்.
"எனக்காண்டியோ அவர் எழும்பினவர்?"
ஓம்.
"பேந்து இருந்திட்டாரோ?"
தாளை வாங்கி மடித்து மடியில் செருகினான்.
அன்றே அது உப்புத்தண்ணீரில் ஊறிப்போயிற்று.

அதன்பிறகு அவர்களின் தலைவர்
இன்னொருவன் பெண்சாதி விடயத்தில் விழுந்தார்.
கைவிடு என்றார்கள் மேற்றிராணிமார்.
தொம்மை கைவிடவில்லை.
அந்தக் கடிதம் சுவாமியின் மேசையில்
மூன்று நாள் குப்புறக் கிடந்தது.
"இதைக் கோக்க வேண்டாம்."
தேர்தலில் நாற்பத்தொரு வாக்கால் தோற்றதை
கொழும்புப் பேப்பரில்தான் பார்த்தேன்.
சுவாமியும் பார்த்திருப்பார்.
அந்தப் பக்கம் மட்டும் வாசிகசாலையில் காணாமற் போயிருந்தது.

ஆறு வருஷம் கடிதமில்லை.
ஐ ஒன்பதும்
ஐயாத்துரையர் வீட்டு ஏலத்துக்கும்
ஐப்பசிப் பஞ்சாங்கத்துக்கும் போய்வந்தன.

தந்தி வந்த நாள் சுவாமி தானே அச்சுக்கூடத்துக்கு வந்தார்.
கறுப்புக் கரை போட்ட அட்டை, நாற்பது.
முன்னாள் பாராளுமன்ற அங்கத்தவர் என்று போடவோ என்றேன்.
நெடுநேரம் எழுத்துப் பெட்டியைப் பார்த்தபடி நின்றார்.
"அண்ணன் எண்டு போடு."
போட்டேன்.
அடியில், சொல்லாமலே, மிகச் சின்ன எழுத்தில்:
ஊர்காவற்றுறைக்காக ஒருதரம் எழும்பினவர்.

புரூப் திரும்பி வந்தது.
அந்த வரியில் பென்சில் படவில்லை.
ஊர்ப்பேருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வட்டம்:
இங்கே ஐ. இப்போது போதும்தானே?

நாற்பது அட்டையும் காயுமுன்னே கலைத்தேன்.
தொம்மையின் மை அன்று பின்னேரமே
சந்தைக் குத்தகை அறிவித்தலுக்குத் தேவைப்பட்டது.